கழுவாத வண்டிகள்

ஜனவரி 9, திங்கள்

புத்தாண்டு விடுமுறை முடிந்து முதல் நாள். கோட்டைக் கழற்றுவதற்குள் திலெக் வாசலில் நிற்கிறாள். என் துணைத் தலைவி. முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, வாழ்த்துச் சொல்ல வரவில்லை.

"இன்னொண்ணு நின்னுடுச்சு, அல்மூட்."

சோதனைக்காக வெளியாட்களிடம் கொடுத்த வண்டிகளில் இது இரண்டாவது. ஆல்காய் மலைப்பக்கம் ஒரு பேக்கரியின் வேன். சரிவில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் அணைந்துவிட்டது. எங்கள் புதிய கிராங்க் சென்சர்தான் காரணம். விரல் நீளச் சாமான். எஞ்சினுக்குள் சுழலும் தண்டு இந்த நொடி எங்கே இருக்கிறது என்று கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்லிக்கொண்டே இருப்பது அதன் வேலை. அது வாயை மூடினால் பெட்டிக்குக் கண் தெரியாது, எஞ்சினை நிறுத்திவிடும். சென்சரும் என் பிரிவு, பெட்டியும் என் பிரிவு. யாரைக் கைகாட்டித் தப்பிப்பது?

எம்.டி. ஃபோல்மர், எப்போதும்போல் என்னைத் 'திருமதி' போட்டுக் குடும்பப் பெயரால் அழைத்து, ஒரே வரியில் முடித்துவிட்டார். "ஓட்டினவங்களுக்கு கிளட்ச் மிதிக்கத் தெரியல, ஃபிராவ் ஷ்டெங்கல்."

ஓட்டிய பெண்ணை நானே தொலைபேசியில் பிடித்தேன். பெயர் வால்புர்கா. "கிளட்ச்சா? ஏம்மா, நான் பிரெட் வண்டி ஓட்ட ஆரம்பிச்சப்ப உங்க ஆளு பள்ளிக்கூடம் போயிருக்க மாட்டாரு. பாடம் எடுக்கணும்னா இங்க வரச் சொல்லுங்க. பின்னாடி வந்த பால் லாரிக்காரன் மட்டும் கண் அசந்திருந்தா இப்ப நான் உங்ககிட்ட பேசிட்டிருக்க மாட்டேன், தெரிஞ்சுக்கோங்க."

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி நான் ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் இலட்சக்கணக்கான வண்டிகளில் இது ஏறும்.

ஜனவரி 12, வியாழன்

வேனில் இருந்த சென்சர் வந்து சேர்ந்தது. வயர் வந்து சேரும் கனெக்டரைப் பிரித்தால் உள்ளே பின்கள் பச்சை. சாலையில் பனிக்காகக் கொட்டும் உப்பு, தண்ணீரோடு ஊர்ந்து உள்ளே போயிருக்கிறது. செம்பில் களிம்பு ஏறியிருக்கிறது. சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

புரியாதது வேறு. எங்கள் சோதனை வண்டிகள் பதினொன்று, இரண்டு குளிர்காலம் இதே மலைச்சாலைகளில், இதே உப்பில் ஓடின. ஒரு பின்னில்கூடப் பச்சை இல்லை. ஆய்வுக்கூடத்தில் உப்புநீர் தூவும் அறையிலும் இல்லை. சரி, அறையில் கனெக்டர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும், வண்டியில் அதிரும். அது வேறு. ஆனால் வண்டிகள்? எங்கள் உப்பு மட்டும் நல்ல உப்பா?

ஜனவரி 14, சனி

கீழ்வீட்டு ஃபிராவ் ஹேஃபலே படிக்கட்டிலேயே பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வீடு முறை மாறும் கூட்டும் வாரத்துப் பலகை இந்த வாரம் என் கதவில் தொங்குகிறது. அதனால் படி, முற்றம், நடைபாதை எல்லாம் என் தலையில். எல்லாம் பெருக்கிவிட்டேன். அது போதவில்லை அவளுக்கு.

"உங்க காரு முற்றத்துல உப்புத் தண்ணியா சொட்டுது. பாக்கச் சகிக்கல."

"செவ்வாய்க்கிழமை மறுபடி பனி பெய்யப் போகுது, ஃபிராவ் ஹேஃபலே. இன்னிக்குக் கழுவி என்ன லாபம்?"

"நாளைக்கு அழுக்காகும்னு இன்னிக்குக் குளிக்காம இருப்பீங்களா?"

கழுவ மாட்டேன். அவள் கேட்டதற்காகவே கழுவ மாட்டேன். வெயில் வரட்டும், பார்க்கலாம். ஊரில் அத்தனை பேரும் வாளியும் கையுமாக நிற்கிறார்கள், சனிக்கிழமை என்றால் இங்கே ஒரு காருக்கும் விமோசனம் கிடையாது. நான் மட்டும் சன்னலில் சாய்ந்து காபி குடித்தேன். பரம சுகம்.

ஜனவரி 16, திங்கள்

ஐயோ. ஐயோ. எப்படி இது உறைக்காமல் போனது?

காலையில் தொழிற்சாலைக்குள் நுழைகிறேன். சாலை முழுக்கச் சேறும் உப்பும். கார் நிறுத்துமிடத்தில் எல்லாருடைய காரும் சாம்பல் பூசிய மாதிரி. முற்றத்தின் ஓரத்தில் பதினொரு சோதனை வண்டிகள் வரிசையாக — மாப்பிள்ளை அழைப்புக்கு நிற்கிற மாதிரி, மின்னிக்கொண்டு. அங்கேயே நின்றுவிட்டேன்.

பட்டறைத் தலைவர் எகோனைக் கூப்பிட்டேன். "இதை எப்பக் கழுவறீங்க?"

"வாராவாரம் வெள்ளிக்கிழமை." நெஞ்சு நிமிர்கிறது. "அடிப்பாகமும் சேத்து. சுடுதண்ணில, நல்ல அழுத்தத்துல. ஒரு மூலை விடமாட்டோம். கனெக்டர் இடுக்கெல்லாம் காத்தடிச்சு உலத்திடுவோம்."

"யாரு சொன்னா கழுவச் சொல்லி?"

மனிதர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். மூச்சு விட யார் சொன்னது என்று கேட்ட மாதிரி. "யாரு சொல்லணும் மேடம்? அசிங்கமா நிக்க விடுவோமா? வர்றவங்க போறவங்க என்ன நெனப்பாங்க?"

சோதனை விதிகளில் கழுவு என்றும் இல்லை, கழுவாதே என்றும் இல்லை. கழுவாமல் ஒரு வண்டி இருக்க முடியும் என்று இந்த ஊரில் ஒருவர் மூளைக்கும் எட்டவில்லை. என் மூளைக்கும்தான். இரண்டு குளிர்காலம் அந்த மின்னலைப் பார்த்துக்கொண்டேதானே உள்ளே போனேன்?

ஆக, உப்பு ஏறும் முன்பே வாரம் தவறாமல் குளிப்பாட்டித் துடைத்துவிட்டு, உப்பு ஒன்றும் செய்யவில்லை என்று அறிக்கை எழுதியிருக்கிறோம். பேக்கரி வேனை யார் குளிப்பாட்டுவார்கள்?

ஜனவரி 17, செவ்வாய்

ஃபோல்மரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

"கழுவினது ஒரு குத்தமா?"

"சோதனை வண்டியக் கழுவினது குத்தம். மறுபடி ஓட்டணும். கழுவாம."

"அறிக்கை தேறிடுச்சுன்னு சொல்லுது. வாடிக்கையாளர்கிட்ட, அந்தக் கார் கம்பெனிகிட்ட, அதத்தான் குடுத்திருக்கோம்."

"அறிக்கை தேறிச்சு. சென்சர் தேறல."

மார்ச் வரை என் இஷ்டத்துக்கு ஓட்டிக்கொள்ளலாமாம். ஆனால் முப்பத்தொன்றாம் தேதி கையெழுத்து வேண்டுமாம். இந்தச் சென்சர் விற்பனைக்குப் போகவில்லை என்றால் இதற்கான மூன்றாவது தயாரிப்பு லைன் நிற்கும், இருநூறு பேர் குறைந்த சம்பளத்தில் வீட்டில் உட்காருவார்கள், அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பீர்கள் என்று கேட்டார். நல்ல கேள்வி. வால்புர்கா முகத்தில் எப்படி விழிப்பது என்பதும் நல்ல கேள்வி. அதை அவர் கேட்கவில்லை.

ஜனவரி 20, வெள்ளி

கழுவும் கூடத்தின் சாவி இப்போது என் கைப்பையில்.

எகோனுக்கு முகம் செத்துவிட்டது. "ஒரு தடவ லேசா, மேல மட்டும், மேடம்?"

"மேலயும் கிடையாது."

"கண்ணாடியாவது?"

கண்ணாடிக்கு அனுமதித்தேன். நான் அரக்கி இல்லை.

ஜனவரி 28, சனி

எட்டே நாளில் வண்டிகளைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. பின்பக்கக் கதவு ஒவ்வொன்றிலும் யாரோ விரலால் எழுதிவிட்டுப் போகிறார்கள். ஒன்றில் 'என்னைக் கழுவுங்கள்'. இன்னொன்றில் 'ஷ்டெங்கல் வீட்டில் தண்ணீர் இல்லையா?' உணவுக்கூடத்தில் பருப்பும் ஷ்பெட்ஸ்லே நூடுல்ஸும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் பக்கத்து மேசையில் பேச்சு நின்றுபோகிறது. நிற்கட்டும். பருப்பு நன்றாக இருந்தது.

வண்டி எண் நான்கை வீட்டுக்கு ஓட்டிவந்து முற்றத்தின் நடுவில் நிறுத்தினேன். ஃபிராவ் ஹேஃபலே சன்னலைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள்.

"ரெண்டாவதா இன்னொண்ணா?!"

"ஆமா. இது ஆபீஸ் அழுக்கு."

பிப்ரவரி 9, வியாழன்

ஒன்றும் நிற்கவில்லை. பதினொரு வண்டியும் பன்றிபோல் இருக்கின்றன, பதினொன்றும் ஓடுகின்றன. ஃபோல்மர் தாழ்வாரத்தில் எதிரே வந்தால், "இன்னிக்கு எத்தன நின்னுது?" என்று கேட்டுவிட்டு பதிலுக்கு நிற்காமல் போகிறார்.

நான் தப்பாக இருந்தால்? இருநூறு குடும்பத்தை ஆட்டிவைத்துவிட்டு, கடைசியில் வெறும் சந்தேகம் என்று ஆனால்?

இல்லை. பச்சையைக் கண்ணால் பார்த்தேன். பொறு.

பிப்ரவரி 16, வியாழன்

இன்று கொழுத்த வியாழன், தவக்காலத்துக்கு முந்தைய கேளிக்கை வாரம். பெண்கள் கத்தரிக்கோலோடு திரிந்து ஆண்களின் டையை வெட்டும் நாள். விவரமான ஆண்கள் இன்றைக்கென்று பழைய டையைக் கட்டிக்கொண்டு வருவார்கள். ஃபோல்மருக்கு மறந்துபோயிருக்கிறது. வாடிக்கையாளர் வருகிறார் என்று கருநீலப் பட்டு.

டை மட்டும் என்றால் விட்டிருப்பேன். முற்றத்தில் பார்க்கிறேன், மூன்று வண்டிகள் பளபளவென்று நிற்கின்றன. எகோன் தூரத்தில் நின்று பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "அவருகிட்ட இன்னொரு சாவி இருக்கு மேடம். நான் என்ன பண்ணட்டும்?"

மூணு வண்டி! நாலு வாரத்து உப்பு, ஒரு காலையில சாக்கடைக்குப் போச்சு. வாடிக்கையாளர் கண்ணுக்கு அழகா இருக்கணுமாம். அவங்க வந்தது சென்சர் பாக்கவா, பெண் பாக்கவா?

நேராக அவர் அறைக்குப் போனேன். விருந்தாளிகள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள், தட்டில் பெர்லினர் பணியாரம். வணக்கம் சொன்னேன். திலெக்கின் மேசையிலிருந்து எடுத்த கத்தரிக்கோலைக் காட்டினேன். வழக்கத்தை மறுக்க முடியாது, அதுவும் விருந்தாளி முன்னால். மனிதர் சிரித்தபடி கழுத்தை நீட்டினார். முடிச்சுக்கு ஒட்ட வெட்டினேன்.

"மிச்சம் எட்டு வண்டி இருக்கு," என்றேன் அவர் காதருகே. "அதுல கை வெச்சா அடுத்த கொழுத்த வியாழன் வரைக்கும் காத்திருக்க மாட்டேன்."

விருந்தாளிகள் கைதட்டினார்கள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

பிப்ரவரி 24, வெள்ளி

மூன்றரை மணிக்கு திலெக்கிடமிருந்து போன். முதலில் மூச்சு மட்டும் கேட்டது.

"ஹோனாவ் ஏத்தத்துல நின்னுடுச்சு. ரெண்டாவது வளைவுல. ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிடுச்சு அல்மூட்... பின்னாடி மரம் ஏத்தின லாரி. அவன் ஹாரன் அடிக்கறான், அடிக்கறான், நான் ஹேண்ட்பிரேக்கப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கேன்."

"அடி பட்டுச்சா?"

"இல்ல. லாரி நின்னுடுச்சு. இவ்ளோ தூரத்துல." எவ்வளவு தூரம் என்று போனில் எனக்கு எப்படித் தெரியும்? அவள் கையை விரித்துக் காட்டியிருப்பாள், பாவம்.

போய் அழைத்துவந்தேன். வண்டியைக் கட்டி இழுத்துவந்து எகோனே கனெக்டரைப் பிரித்தார். பச்சை. கையுறையைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார்.

எனக்கு வெற்றி என்று எழுத வேண்டும். எழுத வரவில்லை. அவளை நான்தானே அந்த வண்டியில் ஏற்றினேன்?

மார்ச் 1, புதன்

இரண்டாவதும் நின்றது. எண் ஏழு. நல்லவேளை, தொழிற்சாலை வாசலிலேயே.

ஃபோல்மர் கூட்டம் கூட்டினார். அவர் யோசனை: இப்போது இருக்கிறபடியே வெளியிடுவோம். கனெக்டருக்குள் தண்ணீர் புகாமல் தடுக்கும் புது ரப்பர் வளையம் தயாராக இலையுதிர்காலம் ஆகும். அப்போது சத்தமில்லாமல் மாற்றிக்கொள்வோம்.

"அதுவரைக்கும் வித்த வண்டியெல்லாம் பழசோடதான் குளிர்காலத்துல ஓடும்," என்றேன்.

"கொஞ்சப் பேருக்குத்தான் ஆகும். நிறையப் பேர் காரக் கழுவறாங்க."

"உங்க தெருவுல கழுவறாங்க."

"ஒலகத்துல குறையே இல்லாத சாமான் எது சொல்லுங்க, ஃபிராவ் ஷ்டெங்கல்."

"குறை தெரிஞ்ச சாமான்ல என் பேரு இருக்காது. அவ்வளவுதான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் பூசணித் தோட்டத்தையே மறைக்கப் பார்க்கிறார், என் கையெழுத்தை மேலே தூவி.

மார்ச் 14, செவ்வாய்

ஆயிற்று. ஏப்ரல் முதல் நான் 'தர விதிகளுக்கான சிறப்புப் பிரதிநிதி'. அலுவலகம் அடித்தளத்தில், பழைய சோதனைச் சாமான்கள் கிடக்கும் அறைக்குப் பக்கத்தில். தலைவர் நாற்காலி திலெக்குக்கு.

கம்பெனி விதிப்படி ஒப்புதலில் பிரிவுத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். அல்லது எம்.டி. தானே போடலாம், அப்போது நடப்பதற்கெல்லாம் அவரே பொறுப்பு. நான் மாட்டேன் என்றேன். அதனால் மாட்டேன் என்று சொல்லாத ஒரு தலைவர் வேண்டும். கணக்கு சரிதான்.

பத்தொன்பது வருஷம் இந்தப் பிரிவு. எனக்கு வலிக்கவில்லை என்று எழுதினால் பொய். வலிக்குது. நல்லா வலிக்குது.

ஆனா போடமாட்டேன்.

மார்ச் 17, வெள்ளி

திலெக்கோடு சண்டை. அவள் நாற்காலி வேண்டாம் என்று சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"ஹோனாவ் ஏத்தத்துல நீதானே உக்காந்திருந்த?" என்று கேட்டேன். கேட்ட தொனி சரியில்லைதான்.

"எனக்கு ஞாபகப்படுத்த வேணாம்." அவள் முகம் சிவந்துவிட்டது. "எங்கப்பா இதே கம்பெனியில லைன்ல நின்னு காது போனவரு. நான் தலைவர் அறைக்குப் போறேன்னு சொன்னதும் சந்தோஷத்துல அழுதுட்டாரு. வேணாம்னு சொல்றது உங்களுக்குச் சுலபம். எல்லாரும் உங்கள மாதிரி தனியாள் இல்ல."

உங்கள. பதினோரு வருஷமாக நீ, வா, போ என்று பேசிய வாய், இன்றைக்கு எனக்கு மரியாதை கொடுத்தது. அதற்குப் பதில் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

மார்ச் 24, வெள்ளி

மூன்றாவது லைன்காரர்கள் இருவர் வாசலில் வழிமறித்தார்கள். "ஒரு கையெழுத்து. அதுல என்ன மேடம் உங்களுக்கு அவ்ளோ ராங்கி?"

நின்று விளக்கினேன். பச்சைப் பின்னைக் காட்டினேன். ஒருவர் பார்த்தார். மற்றவர், "என் வீட்டு வாடகைக்கு இதக் காட்டவா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவர் கேட்டது நியாயம். அதற்காகக் கையெழுத்துக் கிடையாது.

மார்ச் 31, வெள்ளி

ஃபோல்மர் தாளோடு வந்தார். போடவில்லை. பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன், மூடியைப் போட்டு.

"திங்கக்கிழமை திலெக் போடுவாங்க," என்றார். "ஈஸ்டருக்கு முன்னாடி வரைக்கும் வாடிக்கையாளர்கிட்ட அவகாசம் வாங்கியிருக்கேன்."

"வாழ்த்துகள்," என்றேன். நனைந்த பிறகு முக்காடு எதற்கு?

ஏப்ரல் 3, திங்கள்

அடித்தளம். சன்னல் மேலே, ஒரு முழ உயரம்தான். அதில் தெரிவது கால்கள் மட்டும். தலைக்கு மேல் வெந்நீர்க் குழாய், கை வைத்தால் சுடுகிறது. மேசை ஒன்று, நாற்காலி ஒன்று, போன் இருக்கிறது, அடிக்கவில்லை.

வெண்ணெய் தடவிய பிரெட்ஸல் ரொட்டி ஒன்றைத் தின்றேன். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் புது ரப்பர் வளையத்தை வரைய ஆரம்பித்தேன். என் வேலை இல்லை என்றார்கள். சரி, பொழுதுபோக்கு. குறுக்கெழுத்துப் போடுகிற மாதிரி.

மேலே இந்நேரம் திலெக் போட்டிருப்பாள்.

ஏப்ரல் 4, செவ்வாய்

ஒருவரும் வரவில்லை. எகோன்கூட. கேட்டுவிடலாம்தான். கேட்கமாட்டேன்.

ஏப்ரல் 5, புதன்

பதினோரு மணி இருக்கும். படியில் தடதடவென்று சத்தம். கதவை யாரோ காலால் தள்ளித் திறக்கிறார்கள். ஓர் அட்டைப்பெட்டி, அதற்கு மேல் ஒரு கள்ளிச்செடித் தொட்டி, அதற்கும் மேல் திலெக்கின் தலை.

"நகரு. எனக்கும் ஒரு மேசை வேணும்."

நான் எழுந்திருக்கக்கூட இல்லை. வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன்.

"ஃபோல்மர் மூணு நாள் தெனமும் வந்தாரு," என்றாள் பெட்டியைத் தரையில் வைத்து. "திங்கள் வந்து வாழ்த்துச் சொன்னாரு. நேத்து பூ குடுத்தாரு. இன்னிக்குப் பேனாவக் குடுத்தாரு. கையில வாங்கினேன் அல்மூட், பொய் சொல்ல மாட்டேன். வாங்கி, தாள்ல முனையக்கூட வெச்சேன். அந்த லாரிக்காரன் ஹாரன் கேக்குது காதுல. முடியல."

"என்ன சொன்ன?"

"அந்த வண்டியில நீங்க ஒரு தடவ ஹோனாவ் ஏறிட்டு வாங்க, அப்புறம் போடறேன்னு சொன்னேன். கழுவாத வண்டியிலன்னு சேத்துச் சொன்னேன்."

"உங்கப்பா?"

"போன்ல சொன்னேன். ரெண்டு தடவ கத்திச் சொன்னேன், காது கேக்காதே. அப்புறம், அந்த ரூம்ல ஹீட்டர் இருக்கான்னு கேட்டாரு." அண்ணாந்து குழாயைப் பார்த்தாள். "இருக்கு."

அழுதேன். எழுதுவதற்கு என்ன வெட்கம்? அவளும்தான். பிறகு நாற்காலி யாருக்கு என்று சண்டை போட்டோம்.

எங்கள் இருவரையும் விட்டால் அந்த நாற்காலியில் உட்காரத் தகுதித் தேர்வு முடித்தவர் யாரும் இல்லை. இனி ஃபோல்மர் தானே போட வேண்டும். போடலாம். உரிமை இருக்கிறது. பேனாவும் அவருடையதுதான்.

ஏப்ரல் 6, பெரிய வியாழன்

நாள் முழுக்கச் செய்தி இல்லை. அவகாசம் இன்றோடு முடிகிறது. எகோன் வந்து ஒரு பாத்திரத்தில் மௌல்டாஷன் கொழுக்கட்டை வைத்துவிட்டு, "வீட்ல செஞ்சது," என்று மட்டும் சொல்லிப் படியேறிவிட்டார்.

இரண்டு மணிக்கே எல்லாரும் ஈஸ்டருக்குக் கிளம்பிவிட்டார்கள். சன்னலில் கால் கால் கால். ஃபோல்மரின் பழுப்பு ஷூவும் போனது. போட்டுவிட்டுப் போகிறதா, போடாமல் போகிறதா? ஷூவைப் பார்த்தால் தெரிகிறதா என்ன?

ஏப்ரல் 9, ஈஸ்டர்

போட்டிருப்பார். ஏன் போடாமல்? எங்களை இரண்டு பேரையும் பாதாளத்தில் தள்ளியவருக்கு ஒரு கோடு கிழிக்க என்ன தயக்கம்?

போட்டிருந்தாலும் சரி. செவ்வாய்க்கிழமை நேராக வாடிக்கையாளரிடம் போவேன், பச்சைப் பின்னை எடுத்துக்கொண்டு. வேலை போனால் போகட்டும். தலைக்கு மேல் வெள்ளம், சாண் என்ன, முழம் என்ன.

ஏப்ரல் 11, செவ்வாய்

போடவில்லை.

ஒன்பது மணிக்கு திலெக் சொன்னாள். அவளுக்கு எகோன், எகோனுக்கு மேலே வரவேற்பில் இருக்கும் பெண். வாடிக்கையாளருக்கு வியாழன் மதியமே தகவல் போயிருக்கிறது: கூடுதல் சோதனை காரணமாக நவம்பருக்குத் தள்ளிவைப்பு. எங்கள் பெயர் அதில் இல்லை. மூன்றாவது லைன் மே மாதத்திலிருந்து வாரத்தில் மூன்று நாள் மட்டும் ஓடும். அதில் என்னைப் பார்த்து வணக்கம் சொல்லாதவர்கள் இனியும் சொல்லமாட்டார்கள். சரி.

அடுத்தவர் கையெழுத்து என்றால் 'கொஞ்சப் பேருக்குத்தான் ஆகும்'. தன் கையெழுத்து என்றதும் அந்தக் கொஞ்சப் பேருக்கு முகம் வந்துவிட்டது போலிருக்கிறது. எப்படியோ. வந்ததே.

பத்தரைக்கு அவரே இறங்கி வந்தார். நிலைப்படி தாழ்வு, குனிந்துதான் வர வேண்டும். நாங்கள் வளையத்தின் வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்து மேசை மேல் விரித்திருந்தோம். திலெக் வெளிச்சம் போதவில்லை என்று திட்டிக்கொண்டிருந்தாள்.

"மேல உங்க அறை காலியா இருக்கு, ஃபிராவ் ஷ்டெங்கல்," என்றார்.

"தெரியும்."

"எப்ப வர்றீங்க?"

"இது முடியட்டும். நவம்பர்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க? அந்தப் பக்கம் தாள் சுருண்டுக்குது பாருங்க. அந்த முனையக் கொஞ்சம் பிடிங்க."

ஒரு கணம் நின்றார். பிறகு வந்து பிடித்துக்கொண்டார்.